முதலில் வாங்க வேண்டிய இசைத்தட்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீ ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே மகிழ்ச்சி. கூடவே நீ அனுப்பிய பட்டியலையும் முழுதாகப் படித்துவிட்டேன். நூறு இசைத்தட்டுகள், ஒவ்வொன்றும் "கட்டாயம் இருக்க வேண்டியது" என்கிற முத்திரையோடு. அவற்றில் மோசமானது என்று எதையும் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதே. நூறையும் வாங்கி அடுக்கிவிட்டால் எதையும் இரண்டாம் முறை கேட்க உனக்கு நேரமிருக்காது.

வானொலி நிலையத்தின் இசைத்தட்டு நூலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. உன் கைபேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கிறது. பிறகு எதற்காக இவ்வளவு பெரிய கறுப்புத் தட்டு? எல்.பி. (லாங் பிளே) என்கிற, நெடுநேரம் ஓடும் தட்டின் ஒரு பக்கம் ஓடுவது இருபது நிமிடம், மிஞ்சினால் இருபத்தைந்து. அதற்குள் நீ தாவ மாட்டாய், பாதியில் மாற்ற மாட்டாய். பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். இந்த அளவை மனத்தில் வைத்து, எது முதலில், எது பக்கத்தின் கடைசியில் என்று யோசித்து உருவாக்கிய இசை இருக்கிறதே, அதைத் தட்டில் வாங்கு. மற்றதைக் கைபேசியிலேயே கேட்டுக்கொள். என் கணக்கு இவ்வளவுதான்.

1948 ஜூனில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யை வெளியிடும்வரை, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்குத் தட்டுதான் வழக்கம். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக்கூட அந்தச் சில நிமிடங்களுக்குள்தான் அடக்க வேண்டியிருந்தது. இருபது நிமிடம் கிடைத்தது எவ்வளவு பெரிய விடுதலை என்பது, இரண்டையும் கையில் எடுத்துப் போட்டுக் கேட்டவர்களுக்குத்தான் விளங்கும்.

உன் ஊரிலிருந்தே தொடங்கு. டொராண்டோவில் இருந்துகொண்டு பியானோக் கலைஞர் க்ளென் கூல்டு இல்லாத சேகரிப்பா? அவர் 1932இல் பிறந்ததும் அங்கே, அடக்கமானதும் அங்கேதான், மவுண்ட் பிளெசன்ட் கல்லறைத் தோட்டத்தில். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்டுபெர்க் வேரியேஷன்ஸ்' தொகுப்பை அவர் 1955 ஜூனில் நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஒரு சிறிய மெட்டு, அதிலிருந்து முப்பது மாற்று வடிவங்கள், கடைசியில் மீண்டும் அதே மெட்டு. முழுவதையும் நாற்பது நிமிடத்துக்குள் வாசித்து முடித்துவிடுகிறார். கூர்ந்து கேட்டால் பியானோவுக்குப் பின்னால் அவர் முணுமுணுப்பதும் கேட்கும். அதைத் தட்டின் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதே. 1964இல் மேடைக் கச்சேரிகளையே அறவே விட்டுவிட்டு, இனி ஒலிப்பதிவுக் கூடம்தான் என் இடம் என்று இருந்தவர் அவர். தட்டுக்காகவே வாழ்ந்தவரின் தட்டைத் தட்டில்தானே கேட்க வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லறைக்கும் போய்விட்டு வா. அந்த மெட்டின் முதல் ஸ்வரங்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

உன் ஊரின் இன்னொரு சொத்து, 'ஜாஸ் அட் மேசி ஹால்'. 1953 மே 15 அன்று இரவு சார்லி பார்க்கர், டிஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் ஆகிய ஜாஸ் மேதைகள் ஐவரும் மேசி ஹால் அரங்கத்தின் மேடையில் ஏறினார்கள். இந்த ஐவரும் ஒன்றாக வாசித்து ஒலிப்பதிவானது அந்த ஒரு முறைதான். அன்றைக்கென்று பார்த்துப் பெரிய குத்துச்சண்டைப் போட்டி ஒன்று இருந்ததால் அரங்கம் நிரம்பவில்லையாம். பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸஃபோன். வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் அவருடைய பெயரைக்கூட உறையில் போட முடியாமல் 'சார்லி சான்' என்று அச்சிட்டார்கள். மிங்கஸ் வாசித்த பேஸ் என்கிற கீழ்ச்சுருதித் தந்தி வாத்தியம் சரியாகப் பதிவாகாததால், பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரே அதை மறுபடி வாசித்துச் சேர்த்தார். ஒலி அப்படியொன்றும் துல்லியமாக இருக்காது. இருந்தாலும் வாங்கு. அந்த அரங்கம் உன் வீட்டிலிருந்து சட்டென்று போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

ஜாஸ் என்றால் அடுத்தது ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. எல்லாப் பட்டியலிலும் முதலில் வருகிறதே என்று அலட்சியமாக நினைக்காதே. முதலில் வருவதற்குத் தகுதியுள்ள தட்டுதான். 1959இல் இரண்டே நாட்களில், மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய தேதிகளில், முடிந்த பதிவு. கூல்டு வாசித்த அதே கூடத்தில்தான் இதுவும் நடந்தது. நியூயார்க்கின் 30ஆம் தெருவில் ஒரு பழைய தேவாலயத்தைக் கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தது. உயர்ந்த கூரை. ட்ரம்பெட் ஒலி கிளம்பி, மேலே போய், நிதானமாக இறங்கி வருவதைக் கேட்கலாம். நம் காதுக்கு இந்தத் தட்டு சட்டென்று பிடிபடும். ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை மளமளவென்று மாற்றிக்கொண்டே போகாமல், ஒரு ஸ்வர வரிசைக்குள் நின்று அதை விரித்துக்கொண்டே போகிறார்கள். ஆலாபனை கேட்டு வளர்ந்தவனுக்கு அதைப் பற்றி விளக்கமா வேண்டும்?

இந்தத் தட்டை வாங்கும்போது ஒன்றைக் கவனி. மார்ச் 2 அன்று பதிவு செய்த நாடாப்பொறி கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் அந்த நாடாவிலிருந்து வெட்டிய தட்டுகளில் முதல் பக்கம் முழுவதும் சுருதி சற்றுத் தூக்கலாகக் கேட்கும். தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் பல ஆண்டுகள் இதனால் திண்டாடியிருக்கிறார்கள். 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் இதைச் சரிசெய்தார்கள். ஆகவே இந்த ஒன்றில் பழைய பதிப்புக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதே. சரிசெய்த புதிய பதிப்பே உனக்குப் போதும்.

பக்கத்தின் கடைசி என்று சொன்னேனே, அதற்கு ஒரு காரணமும் உண்டு. தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே ஒலி பதிந்திருக்கும் கோடு நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடும். நடுவே வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் பக்கம் முடிகிற இடத்தில் பலத்த ஒலி வந்தால் கரகரக்கும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் இரு பக்கங்களும் அடங்கிய, மெதுவான உருப்படியில்தான் முடிகின்றன. ஊசி உள்ளே வர வர இசையும் தணிகிறது. கேட்டுப் பார், எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று தெரியும்.

பீட்டில்ஸின் 'அபே ரோடு' (1969) இதற்கு நேர் எதிர். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏறிக்கொண்டே போய், ஒரு நொடியில் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். அந்த மௌனத்தில் நீ எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். மறுபக்கத்தில் சிறுசிறு பாட்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வருகின்றன. கைபேசியில் கேட்டால் அந்த இடைவெளி கிடைக்காது, இடைவெளி இல்லாவிட்டால் அந்த வெட்டுக்கு அர்த்தமே இல்லை.

மேற்கத்திய செவ்வியல் இசையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இசை நடத்துநர் கார்லோஸ் க்ளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு செய்த பீத்தோவன் ஐந்தாம் சிம்ஃபனி, 1975இல் வந்தது. தட்டு முழுவதும் அந்த ஒரு சிம்ஃபனிதான். மூன்றாம் பகுதியிலிருந்து நான்காம் பகுதிக்கு இசை நிற்காமல் பாயும் இடம் இரண்டாம் பக்கத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அதை நடுவில் துண்டிக்காமல் கேட்க வேண்டும்.

இனி நம் இசைக்கு வருகிறேன். 'கால் ஆஃப் தி வேலி', 1967. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ்பூஷண் காப்ராவின் கிட்டார். காஷ்மீரத்து ஆட்டு இடையன் ஒருவனின் ஒரு நாள் இதில் இசையாகியிருக்கிறது. ஆஹிர் பைரவில் விடிந்து பஹாடியில் இரவாகிறது. பொழுதுக்கேற்ற ராகம் என்ற வழக்கத்தையே தட்டின் வரிசையாக்கிவிட்டார்கள். தட்டு என்ற பொருளை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய இந்திய இசைப்பதிவு வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. இதை மட்டும் கலைத்துப் போட்டுக் கேட்டாயானால் எனக்குக் கோபம் வரும்.

'சக்தி' என்ற இசைக்குழுவின் முதல் தட்டு 1976இல் வந்தது. ஜான் மெக்லாஃப்லினின் கிட்டார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா, ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயகராமின் கடம். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, ஏறத்தாழ 29 நிமிடம். அவ்வளவு நேரத்தை ஒரு பக்கத்தில் எழுத வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கி, ஒலியைத் தணித்துத்தான் வெட்ட முடியும். போட்டவுடன் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று பதறாதே, ஒலியளவுத் திருகைக் கொஞ்சம் கூட்டு. கடத்தின் நாதம் வந்து நெஞ்சில் தட்டும்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) கிடைத்தால் விடாதே. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய தட்டு அது. வயலின் வி.எஸ். நரசிம்மன். ஓர் உருப்படியில் பாக்கின் வயலின் பார்ட்டிட்டா (பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை) ஒன்றின் முகப்பிசை அப்படியே வந்து நம் இசையோடு கலக்கிறது. கூல்டின் தட்டைக் கேட்ட மறுநாள் இதைப் போட்டுக் கேள். சினிமாப் பாட்டுத் தட்டுகளை நான் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அந்தப் பாட்டுகளை எந்த வடிவில் கேட்டாலும் அவை குறைவதில்லை, அவற்றுக்குத் தட்டு கட்டாயமில்லை.

எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதம் 1963இல் வந்தது. ராதா விஸ்வநாதன் கூடவே பாடியிருப்பார். சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் நான்கும் சேர்ந்து ஏறத்தாழ இருபது நிமிடம். தட்டின் ஒரு பக்கத்துக்கு அளவெடுத்தாற்போல் இருக்கிறது. இதை மட்டும் நீ வாங்க வேண்டாம், நான் தருகிறேன். கடைகளில் கிடைக்கும் பழைய பிரதிகள் பெரும்பாலும் தினந்தோறும் காலையில் கனத்த ஊசிக்கு அடியில் ஓடித் தேய்ந்தவை. கோடுகளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்துத் தெரியும். எந்தப் பழைய தட்டையும் இப்படிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மெல்லிய கீறல்கள் பல சமயம் காதுக்குத் தெரியாது. நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல் என்றால், சுற்றுக்கு ஒரு தரம், அதாவது 1.8 நொடிக்கு ஒரு தரம், 'டிக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

உன் பிளேயர் பெட்டி போல மூடித் தூக்கிச் செல்கிற வகை என்றால், புதிய தட்டு எதையும் வாங்குமுன் அதை மாற்று. அவற்றில் பெரும்பாலும் ஊசி தட்டை அழுத்தும் எடை அதிகம், எடையைக் கூட்டிக் குறைக்கவும் வழியிருக்காது. ஊசிக்கு அதன் கையேட்டில் சொல்லியிருக்கும் எடையையே வை. சாதாரண ஊசிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கிராமை ஒட்டியே இருக்கும்.

இங்கே ஐப்பசி கார்த்திகை மழையில் எங்களுக்குப் பூஞ்சைதான் எதிரி. உனக்கு அங்கே குளிர்காலத்தில் வீட்டுச் சூடேற்றியால் காற்று வறண்டு, தட்டில் மின்சாரம் ஏறி, உறையிலிருந்து உருவும்போதே தூசியை இழுத்துக்கொள்ளும். போடுமுன் ஒவ்வொரு முறையும் கரிநார்த் தூரிகையால் துடை, கோடு ஓடும் திசையிலேயே, குறுக்கே வேண்டாம். உள்ளே காகித உறை இருந்தால் எடுத்துவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் உறை போடு. விளிம்பையும் நடுத்தாளையும் தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது. நிமிர்த்தித்தான் அடுக்க வேண்டும், படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒருபோதும் கூடாது. கோடையில் காருக்குள் விட்டுவிட்டுப் போனால் அப்பளமாக நெளிந்துவிடும்.

சித்தப்பா அடுத்த மாதம் அங்கே வருகிறார். சுப்ரபாதத்தை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். தட்டை அட்டைக்குள் வைக்காமல் தனியாக உள்ளுறையில் போட்டு, அட்டைக்குப் பின்னால் சேர்த்துக் கட்டியிருப்பேன். பயணத்தில் குலுங்கும்போது தட்டின் விளிம்பு அட்டையின் தையலைக் கிழித்துவிடாமல் இருக்கத்தான் அப்படி. பிரித்தவுடன் போட்டுவிடாதே. பெட்டியிலிருந்த குளிர் நீங்கி அறையின் சூட்டுக்கு வரட்டும், இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்துப் போடு. வேளாவேளைக்குச் சாப்பிடு. கடையில் முதலில் எதை எடுத்தாய் என்று உடனே எழுது.

அன்புடன்,
அம்மா