பணம் கட்டாதே என்றேன், ஏன் என்று கேட்டாய்

அன்புத் தங்கச்சிக்கு,

போன சனிக்கிழமை சாலிகிராமத்து ஆபீஸில் ஆடிஷன் முடித்துவிட்டு, படியில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய்: "அக்கா, நல்ல ஏஜென்ட் யாராச்சும் தெரியுமா? ஒருத்தங்க நாப்பதாயிரம் கேக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுமாம்." அதற்குள் உள்ளே அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன். ராத்திரி உன் நம்பரைத் தேடி எடுத்து "பணம் கட்டாதே" என்று மட்டும் மெசேஜ் போட்டேன். "ஏன் அக்கா?" என்று கேட்டிருந்தாய். ஆல்பத்தோடு வந்து நிற்கிற பல பேருக்கும் இதே கேள்விதான் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

2008-ல் நான் திண்டுக்கல்லிலிருந்து வந்து இறங்கியபோது கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில், ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் 15,000 ரூபாய் கட்டினேன். சுவர் முழுக்க அந்த ஆள் நடிகர்களோடு நின்று எடுத்துக்கொண்ட படங்கள். அம்மாவின் இரண்டு பவுன் செயினை அடகு வைத்த பணம் அது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு லேமினேஷன் கார்டும், முப்பது போட்டோ உள்ள ஆல்பமும் கொடுத்தார். ஆறு மாதத்தில் கிடைத்தது இரண்டே நாள் வேலை, கல்யாண மண்டபக் கூட்டத்தில் நாலாவது வரிசை. அந்த பேட்டாவிலும், அதாவது நாள் கூலியிலும், பாதியைப் பிடித்துக்கொண்டார். ஏழாவது மாதம் போனால் அறை பூட்டிக் கிடந்தது. செயினை மீட்க மூன்று வருடம் ஆயிற்று. அதுவரை அம்மா விசேஷ வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு போவாள். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிறகு நானே படங்களுக்கு நடிகர்களைத் தேடித் தருகிற காஸ்டிங் வேலைக்கு வந்ததும்தான் கணக்கு புரிந்தது. மாதம் பத்துப் பேர் கார்டு வாங்கினால் அந்த ஆளுக்கு வாடகையும் சம்பளமும் வந்துவிடும். அதில் ஒருத்தருக்குக்கூட வாய்ப்பு வாங்கித் தரவேண்டிய அவசியம் அவருக்குக் கிடையாது. உண்மையான ஏஜென்டுக்கு, நீ நடித்து, சம்பளம் உன் கைக்கு வந்தால்தான் வருமானம். விளம்பரப் படங்களுக்கு ஆள் அனுப்புகிற கோஆர்டினேட்டர்கள் பெரும்பாலும் பத்து முதல் இருபது சதவீதம் எடுப்பார்கள், அதுவும் பேமென்ட் வந்த பிறகு. அமெரிக்காவில் நடிகர் யூனியன் அங்கீகரித்த ஏஜென்டுகளுக்குப் பத்து சதவீதம்தான் உச்சவரம்பு. கலிபோர்னியாவில் வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பதே 2010-லிருந்து சட்டப்படி தப்பு. இங்கே நாம்தான் உஷாராக இருந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள். காஸ்டிங்கில் இருக்கிற நான் உன் ஏஜென்ட் இல்லை. எனக்குச் சம்பளம் கொடுப்பது தயாரிப்பு நிறுவனம். டைரக்டர் கேட்கிற முகத்தைத் தேடுவது என் வேலை. என்னைப் போன்ற ஆள் உன்னிடம் "செலக்ட் பண்றேன், இவ்வளவு கொடு" என்றால் அது இரண்டு பக்கமும் துரோகம், எழுந்து வந்துவிடு. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜென்ட் என்பவர் வேறு ஆள். கூட்டத்துக்கு ஆள் கொண்டுவருவது அவர் தொழில். அதுவும் உழைப்புதான், எத்தனையோ குடும்பங்கள் அதில் சாப்பிடுகின்றன. ஆனால் அந்த வரிசையில் நிற்பவரை டைரக்டர் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டு வசனம் கொடுப்பார் என்று நம்பிப் போகாதே.

மேனேஜர் என்று ஒருவர் வருவது அதற்கும் பிறகு. இரண்டு மூன்று படம் கையில் இருந்து, கால்ஷீட் முட்டிக்கொள்ளும்போது டேட்ஸ், அதாவது படப்பிடிப்புத் தேதிகள், பார்க்கவும், டப்பிங்குக்குப் போகும் முன் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டு வாங்கவும் அவர் தேவைப்படுவார். டேட்ஸே இல்லாத உனக்கு இன்றைக்கு மேனேஜர் வைத்துக் கொடுப்பதாக யார் சொன்னாலும், அவர் எதை மேனேஜ் செய்யப்போகிறார் என்று கேள்.

ஒப்பந்தம் என்று காகிதம் நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதே. எத்தனை வருடம், நீயே தேடிப் பிடித்த வேலைக்கும் அவருக்குப் பங்கு உண்டா, பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது, இந்த மூன்றையும் படித்துப் பார். விளம்பரம் என்றால், எத்தனை மாதம், டிவியிலா ஆன்லைனிலா ஹோர்டிங்கிலா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். காலவரையறை இல்லாமல் ஒரு சோப்பு விளம்பரத்துக்கு முகத்தைக் கொடுத்துவிட்டால் அடுத்த சோப்புக் கம்பெனி உன்னைக் கூப்பிடாது.

பெரிய பேனர் பெயரில் ஆடிஷன் மெசேஜ் வந்தால் அந்த நிறுவனத்தின் ஆபீஸ் நம்பரைத் தேடிப் பேசி உறுதி செய்துகொள். போலி அறிவிப்புகளை நம்பாதீர்கள் என்று தயாரிப்பு நிறுவனங்களே அடிக்கடி அறிக்கை விடுகின்றன. ராத்திரி நேரம், ஹோட்டல் ரூம் என்றால் பேச்சே வேண்டாம். பகலானாலும் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ. சனிக்கிழமை நீ தனியாகத்தான் வந்தாய், கவனித்தேன். ஆன்லைனில் ஏற்கெனவே ஏதாவது அட்வான்ஸ் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாயோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

சரி, ஏஜென்ட் இல்லாமல் எப்படி? இந்த ஊரில் புதுமுகத்தை முதலில் பார்ப்பது பெரும்பாலும் உதவி இயக்குநர்கள்தான். அவர்கள் நாடகம் பார்ப்பார்கள், குறும்படம் பார்ப்பார்கள். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்து பசுபதி வந்தார், குரு சோமசுந்தரம் வந்தார். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், குறும்படங்களில் நடித்துத்தான் கண்ணில் பட்டார். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவன மாணவர்களுக்கும், கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பிள்ளைகளுக்கும் வருடா வருடம் நடிக்க ஆள் வேண்டும். சம்பளம் இருக்காது, சாப்பாடு இருக்கும். அதில் ஒரு காட்சி நன்றாக வந்தால் அதுதான் உன் ஷோரீல், நீ நடிப்பதைக் காட்டுகிற வீடியோ. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேயில் நாடகம் போட்டால் போய்ப் பார், முடிந்ததும் அவர்களிடம் பேசு.

உன் ஆல்பத்தைச் சொல்ல வேண்டும். கனமான அட்டை, ஃபேன் காற்றில் பறக்கிற முடி, எல்லாப் படத்திலும் ஒரே பவுடர் பூச்சு. எங்கள் டைரக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "மேக்கப் இல்லாம ஒண்ணு இருக்காம்மா?" என்றார். இல்லை என்றாய். ஜன்னல் பக்கம் நிற்கவைத்து என் போனில் எடுத்தேனே, டேபிள்மேல் இப்போது இருப்பது அந்த ஒரு படம்தான். முகம், இடுப்பு வரை, முழு உயரம் என்று மூன்று படம், பகல் வெளிச்சத்தில் உன் தோழியே எடுத்துத் தரலாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. கொடுத்த வசனத்தை டிவி சீரியல் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் பேசினாய். நாங்கள் தலையாட்டிவிட்டு அனுப்பினோம். வெளியே போனதும் உனக்குப் போன் வந்தது. கதவு சாத்தவில்லை. "யம்மா, முடிஞ்சிட்டு. நல்லாத்தான் பண்ணேன். நீ சாப்புட்டியா? மாத்திரைய மறந்துறாத, என்ன?" உள்ளே மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டோம். கடைசி வரியில் உன் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆடிஷன் நன்றாகப் போகவில்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது, அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாய். அந்தக் கோவில்பட்டிப் பேச்சைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வா என்று உனக்கு யார் சொன்னது?

தரமணியில் படிக்கிற ஒரு பையன் டிப்ளமோ படத்துக்கு, ஊரிலிருந்து வேலைக்கு வந்த பெண் பாத்திரத்துக்கு ஆள் தேடுகிறான். அவனிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் பேசுகிற மாதிரியே ஒரு நிமிடம் பேசி, போனைப் படுக்கைவாட்டில் வைத்து எடுத்து, வியாழக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. பவுடர் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா