குழந்தைக்குத் துணை: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், இந்த மழையிலும் கோத்தகிரி வரை வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மருத்துவமனையில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குத் துணை இருப்பவர்களுக்கும் உதவும் நம் அமைப்பின் இந்த ஆண்டு வேலையைப் பற்றியது இந்த அறிக்கை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் தொகை எதையும் நான் தொடவில்லை.

இந்த ஆண்டின் பெரிய மாற்றம் நம்மால் வந்ததல்ல. 2025 ஏப்ரல் 6 அன்று உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. பழங்குடி மக்களுக்கென்றே தனி வார்டும் அதில் உண்டு. முன்பெல்லாம் கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றாலே கோவை மருத்துவமனைக்கு எழுதி அனுப்பிவிடுவார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 108-இல் ஏறும் அம்மாவிடம் மாற்றுத் துணி இருக்காது, திரும்பி வர பஸ் காசும் இருக்காது. கீழே இறங்க வேண்டிய அவசியம் இப்போது குறைந்திருக்கிறது. தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பந்தலூர்க்காரர்களுக்கு உதகையே தூரம்தான். அதுவும் மே மாத சீசனில் மலைப்பாதை நெரிசலில் மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

நம் வேலை என்ன என்று புதிய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். பிள்ளைக்குத் துணையாக இருப்பவரை அங்கேயே இருக்க வைப்பதுதான் நம் வேலை. இங்கிலாந்தில் 1950-களில் வார்டில் இருக்கும் பிள்ளையைப் பெற்றோர் குறித்த நேரத்தில் மட்டும்தான் பார்க்க முடியும். பெற்றோரைத் தடுக்கக் கூடாது என்று, மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளின் நலனை அங்கே ஆராய்ந்த பிளாட் குழு 1959-இல்தான் எழுதியது. நம் ஊரில் அம்மாவை யாரும் வெளியே அனுப்புவதில்லை, கட்டிலுக்கு அடியில் பாய் விரித்தாவது படுத்துக்கொள்வாள். ஆனால் அவள் சாப்பிட்டாளா என்றும் யாரும் கேட்பதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. எஸ்டேட்டில் போகும் நாள்கூலியை எந்தக் காப்பீடும் தராது. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டில் விட்டுவந்த சின்னப் பிள்ளையையும் அது பார்த்துக்கொள்ளாது. டிஸ்சார்ஜ் ஆகாமலே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும் தாய்மாரை நர்ஸுகள் திட்டுகிறார்கள். திட்டுவதற்கு முன்னால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆகவே சாப்பாடு, பஸ் காசு, பிளாஸ்க், கம்பளி, வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டில் ஏற்பாடு, இவ்வளவுதான் நாம் கொடுப்பது.

சிக்கிள் செல் ரத்தசோகை உள்ள பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. குளிர் அதிகமானாலோ, காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர் குடிப்பது குறைந்தாலோ ரத்த அணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அப்போது வரும் வலி எலும்புக்குள்ளிருந்து குத்தும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் நம் ஆட்களுக்கு வேலை கூடுவது இதனால்தான். வெளியே காயம் இல்லை, வீக்கமும் பல நேரம் இல்லை. அதனால் கீழே ஒரு மருத்துவமனையில் பள்ளிப் பிள்ளை ஒருத்தியைப் பார்த்து ‘நடிக்கிறாள்’ என்றே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வலி வந்தாலும் அவள் வாய் திறக்கவில்லை, போர்வையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். இப்போது இந்தப் பிள்ளைகளின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரை விவரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டிலேயே கொடுத்து வைத்திருக்கிறோம். வார்டுக்குள் போனதும் முதலில் நீட்ட வேண்டியது அதைத்தான். அப்புறம் போர்வை, வெந்நீர்.

ஊசி போடும் நேரத்துக்கான பயிற்சியை இந்த ஆண்டு எல்லாத் தன்னார்வலர்களும் முடித்துவிட்டார்கள். சின்னக் குழந்தையைப் படுக்க வைத்து நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட அம்மா மடியில் உட்கார வைத்தால் பாதி அழுகை குறையும். வலிக்காது என்று பொய் சொல்வதில்லை. வலது கையா இடது கையா என்பதை, டாக்டர் சம்மதித்தால், பிள்ளையே சொல்லட்டும். எஸ்டேட் வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கையில் குத்தி வைக்கும் வென்ஃப்ளான் ஊசிக் குழாயைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். அவன் அப்பாவுக்குத் தமிழ் வராது, நர்ஸுக்கு இந்தி வராது. வெலிங்டன் ராணுவக் குடியிருப்பில் பல காலம் இருந்த நம் அக்கா ஒருவர் தரையில் உட்கார்ந்து, சோப்பு நுரை டப்பாவைத் திறந்து, இந்தியில் பேச்சுக் கொடுத்தார். பையன் வெளியே வந்து, ஊதிய குமிழியெல்லாம் நர்ஸம்மாவின் கண்ணாடியில் போய் உடைந்துகொண்டிருக்க, ஊசி ஏறிவிட்டது. ஊதச் சொல்வது வெறும் விளையாட்டு இல்லை. மூச்சை இழுத்து விடும்போது உடம்பு தளரும், கவனமும் ஊசியிலிருந்து விலகும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஞ்சு பொம்மைகள் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் அவற்றைத் துவைத்துக் காயவைக்க இந்த மலைக் குளிரில் முடியாது, கிருமி தங்கும். சோப்புப் போட்டுக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் சாமான்கள், கலர் பென்சில் போதும். பழம் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு போட்டோ கேட்டவர்களை இந்த ஆண்டும் திருப்பி அனுப்பினோம். சிலர் கோபித்துக்கொண்டார்கள், சரி, போகட்டும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யக்கூடிய காரியமா?

விடுதிப் பிள்ளைகள், பெற்றோர் வந்து சேராத பிள்ளைகள் விஷயத்தில் விதிகள் பழையபடியே. தன்னார்வலர் தனியாகப் பிள்ளையோடு இருக்கக் கூடாது, இருவராகவே செல்ல வேண்டும், திரை திறந்தே இருக்க வேண்டும். அறுவைச் சம்மதக் கையெழுத்தை நாம் போடவே கூடாது. யாருமே இல்லை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்து, குழந்தைகள் நலக் குழுவிடம் சொல்ல வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று வார்டுக்கு வரும் இளம் பிள்ளைகளிடம் ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்று கேட்பதை உறவினர்களும் நம்மவர்களும் நிறுத்த வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவர்களாகத்தான் கருதச் சொல்கிறது, குற்றவாளியாக அல்ல. வீடு திரும்பும்போது 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுக்கிறோம். பிள்ளை விரும்பினால் மட்டும் பிறகு போய்ப் பார்க்கிறோம்.

இனி பொதுக்குழு முடிவு செய்ய வேண்டியது. குழந்தைகள் வார்டு பொதுவாக 12 வயது வரைதான். பதின்மூன்று வயதுப் பையன் ஆண்கள் வார்டுக்குப் போய்விடுகிறான், ராத்திரி அங்கே அம்மா தங்க முடியாது. அப்பா இல்லாத வீட்டுப் பையன் என்றால் அவன் தனிதான். பக்கத்துக் கட்டிலில் குடித்து விழுந்து அடிபட்டவர் கத்திக்கொண்டிருப்பார். அந்த வயதுப் பையன்களுக்கு வார்டின் ஒரு மூலையைத் தட்டி போட்டு மறைத்து, அம்மா தங்க அனுமதிக்கும்படி மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளுக்கு மனு கொடுக்கலாம் என்பது நிர்வாகக் குழுவின் தீர்மானம். மனுவின் நகல் மேசையில் இருக்கிறது. அதற்கு அனுமதி வரும்வரை ராத்திரி துணைக்கு இருக்க ஆண் தன்னார்வலர்கள் வேண்டும், குறிப்பாகக் கூடலூர் பக்கத்திலிருந்து. பெயர் கொடுப்பவர்கள் காவல்துறைச் சரிபார்ப்புக்கான படிவத்தையும் இன்றே வாங்கிக்கொள்ளவும்.

செயலாளர்
கோத்தகிரி