டைசனின் உச்சம் பத்தொன்பது மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைக் டைசன் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் வாசகர்கள் மாறி மாறி எழுதுவதைப் படித்தால், இரு தரப்பும் நாக்-அவுட் துண்டுக் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுவது தெரிகிறது. உச்சத்தில் இருந்த டைசன் முன்னால் எவனும் நின்றிருக்க முடியாது என்கிறார் ஒருவர். சொத்தை ஆட்களை அடித்துப் பேர் வாங்கியவர் என்கிறார் இன்னொருவர். முழுச் சண்டைகளைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் நிற்காது.

முதலில் உச்சம் எது என்று எல்லை போட வேண்டும். 1986 நவம்பர் 22-இல் லாஸ் வேகாஸில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து, 20 வயதில் குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டம் வாங்கியது தொடக்கம். 1988 ஜூன் 27-இல் அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் முடித்தது எல்லை. நடுவில் பத்தொன்பது மாதம். அந்த ஆண்டு இறுதிக்குள் பயிற்சியாளர் கெவின் ரூனியை நீக்கிவிட்டார். அதன் பின் ரிங்கில் ஏறியது வேறு ஆட்டக்காரர். 58 வயதில் ஜேக் பாலுடன் ஆடியதையெல்லாம் இந்த வழக்கில் சாட்சிக்குக் கூப்பிடுவது அநியாயம்.

அவர் கையில் பலம் இருந்தது உண்மைதான். ஆனால் பலமான கை ஹெவிவெயிட்டில் எத்தனையோ பேருக்கு உண்டு. டைசனின் உயரம் 5 அடி 10 அங்குலம், கை வீச்சு 71 அங்குலம். அவரை எதிர்த்து ஆடிய டைரல் பிக்ஸும் டோனி டக்கரும் 6 அடி 5 அங்குலம். அவ்வளவு நெட்டையான ஆளின் ஜாப்பைத் (முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்து) தாண்டி உள்ளே போனால்தானே அந்தக் கைக்கு வேலை? டைசனை உருவாக்கிய பயிற்சியாளர் கஸ் டி'அமாட்டோ சொல்லிக்கொடுத்த முறை அதற்காகவே உருவானது. இரண்டு கிளவுஸும் கன்ன எலும்பை ஒட்டி நிற்கும், முழங்கைகள் விலாவை மூடும், பாதங்கள் வழக்கத்தைவிடச் சமமான வரிசையில் இருக்கும். ஜாப் வரும்போது தலையைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, குத்தின் ஓரமாக வழுக்க வேண்டும். இடப்பக்கம் வழுக்கினால் உடம்பின் எடை இடது காலில் ஏறி உட்காரும். அந்த எடையே இடது ஹூக்காக, அதாவது பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்தாகத் திரும்பி வரும். தப்பிப்பதும் அடிப்பதும் ஒரே அசைவு. கூடவே ஓரமாக அரை அடி எடுத்து வைப்பதால், எதிராளி வலது கையை விட்டாலும் அது காற்றில் போகும்.

அவருடைய கைராசியான ஜோடி அடி, வலது கை விலாவுக்கு, அதே வலது கை மறுபடி தாடைக்கு அப்பர்கட்டாக (கீழிருந்து மேலே ஏறும் குத்து). விலாவில் விழுந்த வலியில் எதிராளியின் முழங்கை கீழே இறங்கும். அந்த இடைவெளியில் அடுத்தது ஏறும். பெர்பிக் சண்டையின் முடிவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விலா அடி விழுகிறது, அப்பர்கட் தவறுகிறது, அதோடு நிற்காமல் இடது ஹூக் நெற்றிப்பொட்டில் இறங்குகிறது. பெர்பிக் விழுந்து, எழப் பார்த்து, மறுபடி தடுமாறி விழுந்து எழும்போது நடுவர் மில்ஸ் லேன் அவரைத் தாங்கிக்கொள்கிறார். தவறிய குத்துக்குப் பின்னும் கால் சரியான இடத்தில் இருந்ததால்தான் அந்த ஹூக் வந்தது.

இதே முறையில் ஓட்டையும் உண்டு. பாதங்கள் சமமாக இருப்பதால், முதல் குத்துக்குப் பின் டைசன் எதிராளியின் நெஞ்சோடு ஒட்டிப்போவார். அப்போது ஒருவன் அவர் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் ஆட்டம் நின்றுவிடும். சும்மா இருக்கும் கையால் விலாவைக் குத்திக்கொண்டே இருந்தால் பிடி தளரும். டைசனோ பெரும்பாலும் நடுவர் வந்து பிரிக்கட்டும் என்று நிற்பார். 1987 மார்ச்சில் 'போன்கிரஷர்' ஸ்மித் இதையே 12 ரவுண்டும் செய்தார். பார்க்கச் சகிக்காத சண்டை, ஆனால் ஆள் விழவில்லை. அதே ஆகஸ்டில் டக்கர் முதல் ரவுண்டிலேயே ஓர் இடது அப்பர்கட்டால் டைசனை அதிர வைத்தார். தோற்றாலும் 12 ரவுண்டும் நின்றார். அதற்கு முந்தைய ஆண்டு ஜேம்ஸ் டில்லிஸும் மிட்ச் கிரீனும் பத்து ரவுண்டு தாங்கியிருந்தார்கள். டைசன் ரசிகர்கள் தாவிச் செல்லும் சண்டைகள் இவைதான்.

சொத்தை ஆட்கள் என்பதும் சரியில்லை. பிக்ஸ் 1984 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். டக்கரும் ஸ்பிங்க்ஸும் டைசனிடம் வரும்வரை தோல்வியே காணாதவர்கள். முன்னாள் சாம்பியன் லாரி ஹோம்ஸுக்கு டைசனுடன் ஆடியபோது 38 வயது, ஓய்விலிருந்து திரும்பியவர் என்பதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் 75 சண்டை ஆடிய ஹோம்ஸைப் பாதியில் நிறுத்தியது டைசன் ஒருவர்தான். ஸ்பிங்க்ஸ் எடை குறைந்த லைட் ஹெவிவெயிட் பிரிவிலிருந்து மேலே வந்தவர், அதையும் கழியுங்கள். மிச்சமே கணிசம்.

1990 பிப்ரவரி 11, டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் டைசன் தோற்ற சண்டைக்கு வருவோம். பயிற்சி இல்லாததால் தோற்றார் என்பது பாதி உண்மை. முழங்கால் மடங்கவில்லை, குத்து விட்ட பின் தலை அதே இடத்தில் நின்றது, ஒவ்வொரு குத்தாக விட்டார். ரிங் மூலையில் இருந்த அவருடைய உதவியாளர்களிடம் வீக்கத்தை அழுத்தும் குளிர்ந்த இரும்பு கூட இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் நிரப்பிக் கண்ணில் வைத்தார்கள். மீதிப் பாதி டக்ளஸின் கெட்டிக்காரத்தனம். 83 அங்குல வீச்சு உள்ள கையால் ஜாப், அதன் வாலைப் பிடித்தே வலது கை, டைசன் நெருங்கினால் கட்டிப்பிடிப்பு. டக்கர் ஆடியதேதான், குத்துகளின் எண்ணிக்கை மட்டும் அதிகம். எட்டாவது ரவுண்டில் டைசனின் அப்பர்கட்டில் விழுந்தும் எழுந்து, பத்தாவதில் முடித்தார்.

ஆக, 1988 ஜூனில் இருந்த டைசனை முதல் நான்கு ரவுண்டுக்குள் சமாளிக்க வரலாற்றில் வெகு சிலரால்தான் முடியும். அந்தச் சிலரில் 1973-இன் ஜார்ஜ் ஃபோர்மனை வைப்பேன். குனிந்து நெளிந்து உள்ளே வரும் ஜோ ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டில் ஆறு முறை தரையில் விழவைத்த கை அது. டைசன் ஃப்ரேசியரை விட வேகமாகத் தொடங்குவார் என்பதால் அங்கே பந்தயம் கட்டத் தயங்குவேன். ஆறாவது ரவுண்டைத் தாண்டினால் 1966-67 முகமது அலி பக்கமே என் பணம். சுற்றிச் சுற்றி ஓடவும் தெரியும், கழுத்தைப் பிடித்து அழுத்தவும் தெரியும். இளமைக் கால ஹோம்ஸும் அப்படித்தான், அந்த ஜாப் போதும்.

இன்னொன்று. அலி ஆடிய பட்டச் சண்டைகள் 15 ரவுண்டு, டைசன் ஆடியவை பெரும்பாலும் 12. தங்கள் நாளிதழ் அடுத்த முறை 'எக்காலத்துக்கும் சிறந்த பத்து பேர்' பட்டியல் போடும்போது எத்தனை ரவுண்டு கணக்கில் என்பதையும் மேலே அச்சிடுங்கள். 12 என்றால் டைசனுக்கு ஐந்தாம் இடம் கொடுப்பேன். 15 என்றால் எட்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை.