பெயிண்டர் வருவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள்

மும்பைத் துறைகளில் படகு நிறுத்தும் நம் முதலாளிமாருக்கும், படகை ஓட்டுகிற தலைவர்களான தாண்டேல்மாருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் தாராவியில் குடியிருக்கிறேன். சசூன் டாக்கிலும் பாவ்ச்சா தக்காவிலும் படகுகளுக்கு எக்கோ (ஒலி விட்டுக் கடலின் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டுகிற மெஷின்), ஜிபிஎஸ், விஎச்எஃப் ரேடியோ பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து இதே துறையில் ஐஸ் உடைத்தவர். உங்களில் பாதிப் பேருக்கு என் முகத்தைவிட என் கால்தான் அடையாளம் தெரியும். படகில் ஏறினால் தலை எஞ்சின் ரூமுக்குள்ளும் கால் வெளியிலுமாகத்தானே கிடக்கிறேன்.

மே மாதம் பாதி தாண்டிவிட்டது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் தடைக்காலம். இந்த 61 நாளில்தான் படகு கரையேறும், பலகை மாறும், பெயிண்ட் ஏறும். ஆனால் எக்கோ வாங்குகிறவர்கள் என்னிடம் எப்போது வருகிறீர்கள்? படகைக் கடலில் இறக்கி, டீசல் பிடித்து, நாரளி பூர்ணிமைக்குக் கோளி மக்கள் கடலில் தேங்காய் விடுகிற அந்த வாரத்தில், அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறீர்கள். "நாளைக்குக் கிளம்புறோம் தம்பி, மாட்டிக் கொடுத்துடு." அதனால்தான் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்து இந்த மடலை எழுதுகிறேன்.

போன வருஷம் ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். குமரி மாவட்டத்து அண்ணன் ஒருவர், நல்ல மனுஷன், 12 அங்குலத் திரையோடு ஒரு எக்கோ வாங்கி வந்தார். டிவி மாதிரி பளபளவென்று இருந்தது. பெட்டியைப் பிரித்தால் அதோடு வந்த டிரான்ஸ்டியூசர், அதாவது தண்ணீரில் ஒலியை விட்டுக் கேட்கிற குண்டு, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக். படகின் பின்பலகையில் வெளியே தொங்கவிடுகிற ரகம். அவுட்போர்டு மோட்டார் மாட்டிய சின்னப் படகுக்கு அது சரி. இவருடையதோ உள்ளே எஞ்சின் வைத்த மரப்படகு. புரொப்பல்லர் பின்பலகைக்கு முன்னாலேயே சுற்றுகிறது. அது அடித்துத் தள்ளும் நுரை முழுக்க டிரான்ஸ்டியூசர் முகத்தில்தான் வந்து மோதும். ஒலிக்குக் காற்றுக்குமிழி சுவர் மாதிரி. எஞ்சினை நிறுத்தினால் தரை தெரிகிறது, கியர் போட்டால் திரை முழுக்க மணல் வாரி இறைத்த மாதிரி ஆகிவிடுகிறது. விற்ற கடைக்காரர் அவரிடம் என்ன படகு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பப் போனபோது "பொருத்தினவன் தப்பு" என்று என் தலையில் கட்டினார். அந்த சீசன் முழுக்க அண்ணன் பழையபடி ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்த இடங்களை நம்பித்தான் ஓட்டினார்.

திரையில் தெரிகிற படம் எல்லாம் படகின் அடியில் இருக்கிற அந்தக் குண்டிலிருந்துதான் வருகிறது. அது ஒலியைக் கீழே அனுப்புகிறது, திரும்புகிற எதிரொலியைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 75 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கைத்தான் மெஷின் ஆழமாக மாற்றிக் காட்டுகிறது. 1948-இல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் முதல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. திரை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

சரி, எதை வாங்குவது? என்னிடம் முதலில் பிராண்டு கேட்கிறீர்கள். நான் முதலில் கேட்பது, என்ன வலை, எத்தனை பாகம் (ஆறடிக் கணக்கு) ஆழம். இழுவை வலைக்காரருக்கு மீனைவிடத் தரைதான் முக்கியம். சேறா, மணலா, வலையைக் கிழிக்கிற பாறையா என்று தெரிந்தால் போதும். தூண்டிலும் வழிவலையும் போட்டு வாரக்கணக்கில் வெளியே கிடக்கிற ஆழ்கடல் படகுக்கு வேறு கணக்கு.

பெரும்பாலான பெட்டிகளில் 50, 200 என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். ஒலி அதிர்வின் கிலோஹெர்ட்ஸ் கணக்கு அது. 200 நுணுக்கமாகக் காட்டும், ஆனால் கடல்நீர் அதைச் சீக்கிரம் விழுங்கிவிடும். 50 ஆழம் போகும், அகலமாகவும் விரியும். டிரான்ஸ்டியூசரைப் பொறுத்து மாறும் என்றாலும் ஒரு உதாரணம் பாருங்கள். 200-இல் 15 டிகிரி கூம்பு என்றால் 60 மீட்டர் ஆழத்தில் அது பார்க்கிற வட்டத்தின் குறுக்களவு 16 மீட்டர்தான். 50-இல் 45 டிகிரி என்றால் அதே ஆழத்தில் 50 மீட்டர். ஆகவே 50-இல் மீன் தெரிகிறது என்றால் அது படகுக்கு நேர் கீழே இருக்கிறது என்று அர்த்தமில்லை, பக்கத்தில் எங்கோகூட இருக்கலாம். இரண்டையும் பாதிப் பாதித் திரையில் ஓட்டுங்கள். இரண்டிலும் தெரிந்தால் உங்கள் காலடியில் இருக்கிறது.

சிர்ப் என்று, ஒரே அதிர்வில் விடாமல் அதிர்வை மாற்றிக்கொண்டே ஒலி விடுகிற ஒன்றைச் சொல்லி விற்கிறார்கள். பொய் இல்லை, நல்ல சரக்குதான். சாதா மெஷினில் ஒரு மில்லி நொடி நீளத்துக்கு ஒலியைவிட்டால் தண்ணீரில் அதன் நீளம் ஒன்றரை மீட்டர். மேலும் கீழுமாக முக்கால் மீட்டருக்குள் நெருங்கி நிற்கிற இரண்டு மீன் அதில் ஒன்றாகத்தான் தெரியும். தரையிலிருந்து முக்கால் மீட்டருக்குள் ஒட்டிக் கிடப்பது தரையோடு தரையாகிவிடும். சிர்ப் அதைப் பிரித்துக் காட்டும். ஆனால் அதற்கென்று செய்த டிரான்ஸ்டியூசர் வேண்டும். பழைய குண்டை அடியில் வைத்துக்கொண்டு மேலே சிர்ப் திரை மாட்டினால் காசு திரைக்குப் போனதோடு சரி. வாட்டும் அப்படித்தான். திரை ஒரு கிலோவாட், குண்டு 600 வாட் என்று ஜோடி சேர்க்காதீர்கள். குண்டு கருகும்.

மெஷின் எந்த மீனைக் காட்டும், எதைக் காட்டாது என்பதுதான் நீங்கள் அதிகம் சண்டை போடுகிற விஷயம். ஒலியைத் திருப்பி அனுப்புவதில் பெரும்பங்கு மீனின் சதைக்கு இல்லை, உள்ளே இருக்கிற காற்றுப்பைக்கு. கூறல் மீனில் நாம் நெட்டி என்று எடுத்துக் காயவைக்கிறோமே, அதேதான். 2021 ஆகஸ்டில் பால்கர் பக்கம் முர்பே படகு ஒன்று 157 கூறல் பிடித்து 1.33 கோடி ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கிறதா? இங்கே கோல் என்பார்கள். அந்த விலை நெட்டிக்கு. எக்கோவில் பளிச்சென்று சிவப்பாக விழுவதும் அதே நெட்டியால்தான்.

சுறாவுக்கு அந்தப் பை கிடையாது. கணவாய்க்கும் கிடையாது. மும்பைக்காரர்கள் உயிரை விடுகிற பொம்பில் மீனுக்கும் (பாம்பே டக்) கிடையாது. இவை மங்கலாகத்தான் விழும். சுறாவுக்குப் போகிறவர், "அடுத்த படகில் சிவப்பாத் தெரியுது, என் மெஷினில் நீலமாத்தான் வருது" என்று என்னைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. பொம்பிலுக்கு டோல் வலை கட்டுகிற கோளித் தாத்தாக்கள் எக்கோ பக்கமே திரும்புவதில்லை. நீரோட்டத்தில் வலையைக் கட்டிவிட்டு, ஏற்றம் வற்றம் பார்த்து எடுக்கிறார்கள். அவர்களுக்கு எதற்கு மெஷின்?

இப்போது பொருத்துகிற கதை. போன ஜூனில் கரஞ்சாவில் கரையேற்றி இருந்த ஒரு படகுக்குக் கீழே போய் நின்றேன். அடிப்பகுதி முழுக்கச் செக்கச்செவேல் என்று புதுப் பெயிண்ட், இன்னும் வாசம் போகவில்லை. டிரான்ஸ்டியூசர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒட்டுச்சிப்பியை உளி வைத்துக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். முகத்தில் நகம் இறங்குகிற ஆழத்துக்கு மூன்று கீறல். அதன் மேல், பூச்சி பிடிக்காமல் இருக்கச் செம்பு கலந்து வருகிற அந்தப் பெயிண்டை இரண்டு கை அடித்துவிட்டார்கள். பெயிண்டர் பையனைக் கேட்டேன். "பல்பு மாதிரி ஒண்ணு இருந்துச்சுண்ணே, அதுக்கும் சேத்து அடிச்சிட்டேன்" என்றான். அவன் மேல் என்ன தப்பு? அது என்னவென்று அவனிடம் யார் சொன்னார்கள்? செம்பு கலந்த பெயிண்டு அந்த முகத்தில் படவே கூடாது. டிரான்ஸ்டியூசருக்கென்று தண்ணீரை அடிப்படையாக வைத்துச் செய்த பெயிண்ட் தனியாக வருகிறது. மெல்லிசாக ஒரு கை போதும். சிப்பியை எடுக்க உளி வேண்டாம், மழுங்கின மரத்துண்டு போதும். கடைசியில் நைஸ் உப்புத்தாள்.

ஓட்டை எங்கே போடுவது என்பதைத் தச்சரும் நானும் சேர்ந்து நின்று முடிவு செய்ய வேண்டும். அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பார்த்தால் நீரில் மூழ்கும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, ஏராவிலிருந்து (நடு அடிக்கட்டை) ஒரு சாண் ஒதுங்கி. பின்னால் நின்று பார்க்கையில் புரொப்பல்லர் கடிகாரம் மாதிரிச் சுற்றுகிறது என்றால் வலப்பக்கம், ஏனென்றால் அந்தப் பக்கம் இறக்கை கீழ்நோக்கி இறங்குகிறது, நுரை குறைவு. அதற்கு முன்னால் தண்ணீர் உறிஞ்சுகிற ஓட்டையோ துருத்திக்கொண்டிருக்கிற ஆணியோ இருக்கக்கூடாது. அடிப்பகுதி சரிவாக இருக்கும், டிரான்ஸ்டியூசரோ நேர் கீழே பார்க்க வேண்டும். ஆகவே சரிவுக்குத் தகுந்த மாதிரி மரக்கட்டை செதுக்கி, முன்னும் பின்னும் மீன் வடிவத்தில் இழைத்து அதற்குள் உட்கார வைக்க வேண்டும். ஒரு நல்ல தச்சருக்கு அரை நாள் வேலை. படகு மிதக்கும்போது இதை யார் செய்வது, சுறாவா?

மரப்படகுக்குப் பிளாஸ்டிக் உடம்பு டிரான்ஸ்டியூசர் வாங்கி வராதீர்கள். மரம் ஊறி உப்பும்போது பிளாஸ்டிக் கழுத்து நெரிந்து வெடிக்கும், அந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வரும். வெண்கலம் வாங்குங்கள். இரும்புப் படகுக்கு அதே வெண்கலம் ஆகாது, இரும்பை அரிக்கும்.

இன்னொன்று ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும். தூத்துக்குடியில் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டர்கூட இருக்காது. மும்பையில் பெரிய ஏற்றத்தன்று நாலு, ஐந்து மீட்டர். வற்றினால் பல இடங்களில் படகு சேற்றில் உட்காரும், ஒரு பக்கம் சாயும். குண்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் முதல் வாரமே முறியும். அந்தப் பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முன்னாலேயே சொல்லுங்கள், கட்டையைப் பெரிதாகச் செதுக்கிக் காப்புக் கொடுக்கலாம்.

கரண்டு விஷயம் சுருக்கமாக. எக்கோவுக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர், நடுவில் ஃபியூஸ். விளக்குக்குப் போகிற வயரில் கொக்கி போடாதீர்கள். டிரான்ஸ்டியூசர் கேபிளை விஎச்எஃப் கேபிளோடும் இன்வெர்ட்டர் வயரோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். மிச்சம் இருக்கிற கேபிளை வெட்டவும் வேண்டாம், சுருட்டி வையுங்கள். கரையில் நிற்கும்போது "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஸ்விட்சும் போடாதீர்கள். காற்றில் ஒலி விட்டால் குண்டு கெடும்.

கடலில் போன பிறகு தாண்டேல்மார் செய்கிற ஒரே காரியம் மெஷினை ஆட்டோமேட்டிக்கில் போட்டுவிட்டு டீ குடிப்பது. வழியில் சரி. வலைவிடுகிற இடத்தில் எதிரொலியைக் கூட்டிக் குறைக்கிற கெயினைக் கையில் எடுங்கள். திரை முழுக்கத் தூசி விழுகிற வரை ஏற்றி, அப்புறம் தூசி மறைகிற அளவுக்கு மட்டும் இறக்குங்கள். ஆட்டோவில் கணவாய் மாதிரி மங்கலாக விழுகிறதையெல்லாம் மெஷினே குப்பை என்று துடைத்துவிடுகிறது. தரைக்கோடு அடர் சிவப்பாக, அதற்குக் கீழே இன்னொரு தரை மாதிரி இரட்டையாக விழுந்தால் கெட்டித் தரை. மங்கலாக விழுந்து, அந்த இரட்டையும் வராவிட்டால் சேறு. பக்கத்துப் படகும் அதே 50-இல் ஓட்டினால் சாய்ந்த கோடுகளாக மழை பெய்யும். குறுக்கீடு குறைக்கிற மெனு உள்ளே இருக்கிறது, அதற்காக எனக்குப் போன் போட வேண்டாம்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு தம்பி விடியற்காலை நாலு மணிக்குக் கூப்பிட்டான். "அண்ணே, கடல் வத்திப் போச்சு. நேத்து 22 காட்டின இடம் இன்னைக்கு 12 காட்டுது." தூக்கக் கலக்கத்தில் நானும் ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். படகில் வேலை செய்கிற கலாசி யாரோ பட்டனை நோண்டி மீட்டரைப் பாகத்துக்கு மாற்றி வைத்திருக்கிறான். 22 மீட்டர், 12 பாகம். கடல் அங்கேயேதான் இருந்தது.

கரையில் நாலு அடையாளம் பார்த்துக் கணியம் வைத்துப் பாறையைக் கண்டுபிடித்த பெரியவர்கள் உங்கள் படகுகளில் இன்னும் இரண்டொருவர் இருக்கிறார்கள். மெஷின் வந்ததும் அவர்களை வீல் ஹவுஸுக்குள் விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். பொருத்தின முதல் நாள் அவர்களையும் கூட்டிவாருங்கள். அவர்களுக்குத் தெரிந்த பாறை மேல் படகை ஓட்டி, திரையில் அது எப்படி விழுகிறது என்று பார்த்தால் மெஷின் சரியா தப்பா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதைவிட நல்ல சோதனை என்னிடம் இல்லை.

ஜூன் முதல் இரண்டு வாரம் வேறு வேலை எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. படகு எங்கே கரையேறுகிறது, மரமா ஃபைபரா இரும்பா, என்ன வலை, எத்தனை பாகம், இந்த நாலையும் சொல்லி அனுப்புங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் காசு கட்டுவதற்கு முன்னால் டிரான்ஸ்டியூசர் பெட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், திரையை எடுக்க வேண்டாம். ஏற்கெனவே பொருத்தியவர்கள் பெயிண்டர் டப்பாவைத் திறக்கும் முன் அந்தப் பல்பு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுங்கள். தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் மறக்காமல் கழற்றவும் வேண்டும், போன வருஷம் ஒருவர் அதோடேயே இறங்கிப் போய்விட்டார்.

இப்படிக்கு,
உங்கள் எக்கோ மெக்கானிக்,
தாராவி, மும்பை