மஞ்சள் பைக்குள் டிரிப் குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்தில் கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் லாரிகளில் திருப்பி அனுப்பப்பட்டபோது எழுந்த கோபம் நியாயமானது. ஆனால், நம் வார்டுகளிலிருந்தே முறைப்படி எரிக்க அனுப்பப்படும் கழிவைப் பற்றி நாம் அதே அக்கறையோடு பேசுவதில்லை என்பது, பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிய எனக்கு வேதனை தருகிறது.

ஓர் இரவுப் பணியின் முடிவில், எரியுலைக்குப் போகும், ரத்தம் ஊறிய பஞ்சும் கட்டுத்துணியும் மட்டுமே இருக்க வேண்டிய மஞ்சள் பையைத் தூக்கிய தூய்மைப் பணியாளரின் கட்டைவிரலில் ஊசி குத்தியது. பையைப் பிரித்துப் பார்த்தால், யாரோ ஊசியோடு சுருட்டிப் போட்ட டிரிப் குழாய். அந்த அம்மா குழாயடியில் விரலைக் கழுவிக்கொண்டே, "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார். அவருக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போடப்பட்டிருக்கவில்லை.

2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அந்த ஊசி வெள்ளைப் பெட்டிக்கும் குழாய் சிவப்புப் பைக்கும் போயிருக்க வேண்டும். இத்தகைய குழாய்கள் பெரும்பாலும் செய்யப்படும் பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரிக்கவே கூடாது. எரித்தால் டயாக்சின், ஃபியூரான் என்னும் கொடிய நச்சுகள் உருவாகும். அதனால்தான் எரியுலையின் முதல் அறையில் ஏறத்தாழ 800 டிகிரி, இரண்டாம் அறையில் 1050 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும் என்றும், அந்த இரண்டாம் அறையில் புகை 2 விநாடியாவது தங்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அதன்பின் புகையைச் சட்டென்று குளிர்விக்காவிட்டால், அது ஆறும் வழியிலேயே டயாக்சின் மீண்டும் உருவாகிவிடும். இவ்வளவு நுட்பமான உலைக்குள், பிரிக்காத குப்பையை அள்ளிப் போடுவது எப்படிச் சரியாகும்? மருத்துவமனைக்குப் பின்புறம் டிரம்மில் போட்டுக் கொளுத்துவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

டயாக்சின் அளவை ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தால் போதும் என்பது தற்போதைய விதி. அந்த ஒரு சோதனையின் முடிவையாவது, உலை இயங்கும் ஊரின் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட வேண்டும். டிரிப் கழற்றும் இடத்திலேயே கைக்கு எட்டும்படி சிவப்பு வாளியும் ஊசிப் பெட்டியும் வைப்பதோடு, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் உட்பட அனைவருக்கும் தடுப்பூசி போட்ட பின்னரே கழிவைத் தொடவிட வேண்டும் என்று மருத்துவமனை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி.