வரி வரியாக வாசித்தார்

பெர்லின்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் ஃபோனில், "கம்பெனி ஆரம்பித்துவிட்டாயா இல்லையா, கண்ணு?" என்று கேட்டீர்கள். என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் கவலையோடு ஃபோனை வைத்தது குரலிலேயே தெரிந்தது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனி பதிவேட்டில் ஏறிவிட்டது. இந்த ஊரில் கம்பெனிப் பதிவேட்டை நீதிமன்றம்தான் பராமரிக்கிறது. பெர்லினுக்குச் சார்லோட்டன்பர்க் நீதிமன்றம். 2022 ஆகஸ்ட் முதல் இந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். உங்கள் மகளின் பெயரும் பிறந்த தேதியும் அதில் இருக்கின்றன. தம்பியிடம் சொன்னால் எடுத்துக் காட்டுவான்.

கம்பெனியின் வகை ஜிஎம்பிஹெச். நம் ஊர் பிரைவேட் லிமிடெட் போன்றது. 1892ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அமைப்பு, இன்றும் சிறு முதலாளிகள் அதைத்தான் நம்புகிறார்கள். மூலதனம் குறைந்தது 25,000 யூரோ. அதில் பாதியாவது, அதாவது 12,500 யூரோ, பதிவுக்கு முன்பே வங்கியில் இருந்தாக வேண்டும். ஒரு யூரோவில் தொடங்கக்கூடிய யூஜி என்ற வகையும் 2008 முதல் இருக்கிறது. ஆனால் மூலதனம் 25,000 சேரும்வரை வருட லாபத்தில் கால் பங்கை எடுக்காமல் ஒதுக்க வேண்டும். பெரிய தொழிற்சாலைகளிடம் போய் நிற்கும்போது ஜிஎம்பிஹெச்சுக்கு மரியாதை கூடுதல் என்று கூட்டாளி சொன்னாள். எட்டு வருடச் சம்பளச் சேமிப்பு இருந்ததால் ஒப்புக்கொண்டேன். நிரந்தர வதிவிட அனுமதி வாங்கும்வரை நான் காத்திருந்ததும் இதற்காகத்தான். பழைய வேலை விசாவில் சொந்தத் தொழில் செய்யத் தனியாக அனுமதி கேட்க வேண்டியிருந்திருக்கும்.

இனி நான் உங்களிடம் சொல்லத் துடிப்பது. இங்கே கம்பெனி தொடங்க நோட்டார் என்ற அதிகாரியின் முன்னால் உட்கார வேண்டும். நம் ஊரில் கோர்ட் வாசலில் முத்திரை குத்தித் தருகிறாரே, அந்த நோட்டரி மாதிரி இல்லை. இவர் அரசுப் பொறுப்பில் இருப்பவர், இரண்டு தரப்புக்கும் பொதுவானவர். கம்பெனி ஒப்பந்தம் முழுவதையும் அவர் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது சட்டம். பக்கம் புரட்டிக் கையெழுத்து வாங்கிவிட முடியாது. என் ஜெர்மன் அன்றாடப் பேச்சுக்குப் போதும், சட்ட வாசகத்துக்குப் போதாது. அதனால் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க ஒரு பெண்மணி வந்திருந்தார். ஒவ்வொரு பிரிவையும் முதலில் ஜெர்மனில் கேட்டேன், பிறகு ஆங்கிலத்தில். மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம் ஆனது. "திவால் குற்றத்துக்காக எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்றுகூட நிர்வாகியாகப் போகிற என்னைக் கேட்டார். கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

ஒரு பிரிவு வந்தது. கூட்டாளிகளில் ஒருவர் இறந்துபோனால் அவருடைய பங்கு வாரிசுகளுக்குப் போகும். உயிரோடிருப்பவர் உரிய விலை கொடுத்து அதை வாங்கிக்கொள்ளலாம். விலையை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது, எல்லாம் வரிசையாக. நோட்டார் ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்துக்கொண்டே போனார். எனக்குப் பீளமேட்டில் உங்கள் பட்டறையின் வாசல் கண்ணில் வந்து நின்றது.

பட்டறையில் உங்கள் கூட்டாளியாக இருந்த மாமா இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவருடைய பிள்ளைகள் லாரியோடு வந்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. பெரிய லேத்தின் அடியில் இரும்பு உருளைகளைச் செருகி இழுத்தார்கள். சிமெண்ட் தரையில் நீளமாக இரண்டு கீறல் விழுந்தது. நீங்கள் தடுக்கவில்லை. கடப்பாரையைப் பிடித்து, லேத் சாய்ந்துவிடாமல் அவர்களுக்கு உதவினீர்கள். "அண்ணன் தம்பி மாதிரி இருந்தோம், நடுவில் காகிதம் எதற்கு?" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அந்தக் கீறல் இன்னும் அங்கே இருக்கிறது. அதை மிதிக்காமல் தாண்டிப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்தப் பிள்ளைகள் மேலும் எனக்குக் கோபம் இல்லை அப்பா. அவர்களுக்கும் எது யாருடையது என்று யாரும் வாசித்துச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் அம்மா, "புரிந்ததா?" என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் என் கவனம் திரும்பியது. அந்தப் பிரிவை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். நோட்டார் முகம் சுளிக்காமல் முதல் வரியிலிருந்து வாசித்தார்.

கையெழுத்துப் போட்டதும் தாள்களை நூல் கோத்துக் கட்டி, முத்திரை பதித்தார்கள். ஒரு தாளை உருவவோ செருகவோ முடியாது.

ஆனால் அன்றைக்கே கம்பெனி பிறந்துவிடாது. பதிவாகும்வரை பெயருக்குப் பின்னால் "உருவாகிக்கொண்டிருக்கிறது" என்ற பொருளில் இரண்டு எழுத்து சேர்க்க வேண்டும். அந்த நாட்களில் கம்பெனி பெயரில் செய்யும் ஒப்பந்தத்துக்கு நாமே சொந்தப் பொறுப்பு. அதனால்தான் அன்று ஃபோனில் விழித்தேன். அந்தப் பெயரில்தான் வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். இரண்டு வங்கிகள் காரணம் சொல்லாமல் மறுத்தன. மூன்றாவது வங்கி ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. பணம் ஏறிய சான்றை அனுப்பிய பிறகுதான் நோட்டார் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தார். அந்த ஆறு வாரமும் தூக்கம் சரியாக இல்லை. உங்களிடம் சொல்லாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் தொழில் பதிவு, வரி அலுவலகத்தின் நீண்ட படிவம் எல்லாம் பாக்கி. படிவம் இணையத்தில்தான், ஆனால் அதற்குள் நுழையும் குறியீடு தபாலில் வரும். தபால்பெட்டியில் கம்பெனி பெயரை ஒட்டிவிட்டேன். பெயர் இல்லாவிட்டால் தபால் திரும்பிப் போய்விடும். பதிவான மறுநாளே அரசு முத்திரை போலவே அச்சடித்த ஒரு பில் வந்தது, சில நூறு யூரோ கட்டச் சொல்லி. போலி. புதுக் கம்பெனிகளைக் குறிவைத்து அனுப்புகிறார்களாம். நோட்டார் முன்பே எச்சரித்திருந்ததால் பிழைத்தேன். மொழி தெரியாமல் வந்த எத்தனை பேர் கட்டியிருப்பார்களோ என்று வயிறு எரிகிறது.

ஒரு உதவி வேண்டும். எங்கள் கருவி மோட்டாரின் அதிர்வைக் கேட்டு, பேரிங் தேய்வதை முன்கூட்டியே சொல்லும். நீங்கள் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பீர்களே, அதே வேலை. பட்டறைக்கு ரிப்பேருக்கு வரும் மோனோபிளாக் பம்புகளில், பேரிங் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் வீதம் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்புங்கள். எந்தச் சத்தம் எதனால் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

கூடவே ஒரு காகிதம் அனுப்புகிறேன். இந்த வேலைக்கு உங்களுக்கு எவ்வளவு கூலி, பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்று தமிழில் எழுதியிருக்கிறேன். "மகளுக்குச் செய்வதற்கு எதற்கு இதெல்லாம்?" என்று ஒதுக்கி வைக்காதீர்கள். தம்பியை உட்காரவைத்து முழுதும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிடிக்காத வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்தார்களா என்று எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணு