அந்தக் கதவைத் திறந்துவிட்டவருக்கு

1982-ல் நம் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து திருட்டுப்போன நடராஜர் 2019-ல் ஊர் திரும்பியதைக் கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 37 வருஷமாக வீட்டுக்கு வீடு சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. வரவேற்க நின்ற கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் 1982-க்குப் பிறகு பிறந்தவர்கள், அவரைப் பார்த்ததே இல்லாதவர்கள். நான் பார்த்தவன். அவர் போனபோது எனக்கு ஒன்பது வயது. கை இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை, எழுத்தில் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மூடி வைத்த வழக்கைத் தூசி தட்டி எடுத்த சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்காரர்கள், ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துப் படத்தோடு படத்தை ஒப்பிட்டுப் பார்த்த தன்னார்வலர்கள், தூதரகத்துக் காகித வேலையை முடித்துக்கொடுத்தவர்கள், டெல்லியிலிருந்து ரயிலில் அவருக்குத் துணையாக வந்தவர்கள், சென்ட்ரலில் காத்துக்கிடந்து வரவேற்றவர்கள், நம் ஊரில் மேளம் தட்டியவர்கள், அந்த நெரிசலில் எங்கள் அம்மாவுக்கு எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்ட பையன். எல்லாருக்கும் நன்றி.

அடிலெய்டு நகரத்துத் தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடத்துக்கும் நன்றி. இதைச் சொன்னதும் என் மைத்துனர் சண்டைக்கு வந்துவிட்டார். திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்ததற்கு எதற்கய்யா நன்றி என்கிறார். நியாயமான கேள்விதான். காணாமல் போய் 19 வருஷம் கழித்து, 2001-ல் அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். வாங்கும்போதே துருவியிருக்கலாம். ஆனால் இதேபோல் திருட்டுப்போய் லண்டன் போய்ச் சேர்ந்த பத்தூர் கோயில் நடராஜருக்காக அங்கே நீதிமன்றத்தில் எத்தனை வருஷம் வழக்காட வேண்டியிருந்தது, 1991-ல்தானே அவர் இந்தியாவுக்கு வந்தார்? இவர்கள் அப்படி இழுத்தடிக்கவில்லை. ஆதாரத்தைப் பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள், அனுப்பிவைத்தார்கள். இன்னும் எத்தனையோ மியூசியங்கள் இதைச் செய்யாமல் இருக்கையில் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்வதில் குறைந்துபோக மாட்டோம். மைத்துனர் கோபித்துக்கொள்ளட்டும்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இவர்கள் யாருக்காகவும் இல்லை. 1958-ல் குலசேகரமுடையார் கோயிலில் ஒரு கதவைத் திறந்துவிட்ட ஆளுக்காக.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. குருக்களா, மெய்க்காவலா, சாவி வைத்திருந்த தர்மகர்த்தாவா, எதுவும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் என்று ஒன்று 1955-ல் தொடங்கினார்கள். அவர்கள் ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போனார்கள். கல், செம்பு, தூண், கோபுரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேலே படம் சேர்ந்திருக்கிறது. திருடனைப் பிடிக்க இல்லை, படிப்புக்காக, ஆராய்ச்சிக்காக. அப்படி 1958-ல் நம் ஊருக்கும் வந்திருக்கிறார்கள். நடராஜரைப் படம் எடுத்திருக்கிறார்கள். அடிலெய்டில் நிற்பவர் நம்மவர்தான் என்று அடித்துச் சொன்னது அந்தப் படம். அது இல்லையென்றால் நாம் 'எங்க சாமி, எங்க சாமி' என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்போம், கேட்பவன் 'அத்தாட்சி எங்கே' என்றிருப்பான்.

அந்த நாளை நான் ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன். ஆற்றுப் பாலம் தாண்டி, முன்பின் தெரியாத யாரோ பெட்டியும் முக்காலியுமாக வந்து இறங்குகிறார்கள். இன்றைக்கு அப்படி ஒருவன் வந்தால் நாம் என்ன சொல்வோம்? 'படம் எடுக்கக் கூடாது, ஆபீஸில் எழுதி வாங்கிட்டு வாங்க.' அன்றைக்கும் அப்படிச் சொல்லியிருக்கலாம். நடை சாத்தியாச்சு, நாளைக்கு வாங்க என்றிருக்கலாம். வந்தவர்களும் அம்பாசமுத்திரம் பக்கம் வேறு கோயிலைப் பார்க்கப் போயிருப்பார்கள். யாரோ ஒருவர் சரி என்று சொல்லியிருக்கிறார். பூட்டைத் திறந்திருக்கிறார். வெளிச்சம் போதாமல் அவர்கள் தடுமாறியிருந்தால் விளக்கைக்கூடத் தூக்கிப் பிடித்திருப்பாரோ என்னவோ, இது என் கற்பனை. அப்புறம் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பார். இப்படி ஒன்று நடந்ததையே அடுத்த வாரம் மறந்திருப்பார்.

24 வருஷம் கழித்து அதே கோயிலின் பூட்டை வேறு ஆட்கள் உடைத்தார்கள்.

1958-ல் அவர் செலவழித்த அரை மணி நேரம் நடராஜரைக் கடல் தாண்டிக் கூட்டிவந்திருக்கிறது. அவருக்கு இது தெரியப்போவதில்லை. அவருடைய பேரனோ பேத்தியோ இதைப் படிக்கலாம் என்ற நப்பாசையில்தான் எழுதுகிறேன். ஐயா, ரொம்ப நன்றி.

எங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயது 81. இந்தத் தெருவில் அப்பளம் தேய்த்துத்தான் எங்களைப் படிக்கவைத்தாள். கலைக்கூடத்துப் படத்தை முதன்முதலாகப் போனில் காட்டியபோது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "எய்யா, ஒரு முழத் துணிகூடக் கட்டலையே அவருக்கு" என்றாள். மாலை இல்லை, விபூதி இல்லை, எண்ணெய் இல்லை. பளிச்சென்று விளக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். "அந்த ஊரில் குளிருமா?" என்று கேட்டாள். சில மாசம் குளிரும்மா என்றேன். அதற்குமேல் படத்தைப் பார்க்கவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சிற்பக் கலை, கலைப் பொக்கிஷம் என்று நாம் பேசுகிறோம். அவளுக்கு இரண்டரை அடி உயரத்தில் ஒருத்தர் வெளியூரில் உடுப்பில்லாமல் நிற்கிறார், அவ்வளவுதான். ஊருக்குள் அவரைப் பார்த்ததும் அவள் கும்பிடக்கூட இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "வந்துட்டீரா" என்றாள்.

எல்லாச் சாமிக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்தே திரும்பி வந்த ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் தன் கோயிலுக்குப் போகவில்லை, காப்பகத்துக்குத்தான் போனார். நாடு திரும்புவது வேறு, வீடு திரும்புவது வேறு. நம்மவரை நம் ஊரிலேயே பத்திரமாக வைத்திருக்க என்னென்ன வேண்டுமோ, அதற்கு நான் முடிந்ததைக் கொடுக்கிறேன். அலாரம், கேமரா, இரவுக் காவல், எதுவானாலும் கேளுங்கள்.

இன்னொன்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் விளக்கேற்ற ஆள் இல்லாத கோயில்கள் இருக்கின்றன. உரியவர்களிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் போய் அங்குள்ள திருமேனிகளைப் படம் எடுக்கப்போகிறேன். முன்பக்கம், பின்பக்கம், பீடம், அளவு. பிரிண்ட் போட்டு இரண்டு இடத்தில் வைப்பேன். நல்ல கேமரா உள்ளவர்கள் கூட வந்தால் உதவியாக இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அன்று போனவர்கள் நான்கு பேர். சிவகாமி அம்மாளும் மாணிக்கவாசகரும் ஸ்ரீபலிநாயகரும் நடராஜரோடு வரவில்லை. 1982-க்கு முன்னால் கோயிலில் கல்யாணம், கும்பாபிஷேகம், திருவாதிரை என்று யாராவது படம் எடுத்திருந்தால், பரணில் கிடக்கும் அந்த ஆல்பத்தை இறக்கிப் பாருங்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் ஓரத்தில் பாதி மறைந்து நின்றாலும் பரவாயில்லை. கரையான் அரித்திருந்தாலும் கிழிக்காமல் கொண்டுவாருங்கள், வீட்டில்தான் இருப்பேன்.